காப்பகத்திலிருந்து வந்த 2 வயது நாட்டு நாய்: கட்டிலடி, சோற்றுத்தட்டு உறுமல், வண்டியைக் கண்டால் பாய்ச்சல்

#1 மாடிவீடு

வணக்கம். சென்னை, மூன்றாவது மாடி ஃப்ளாட். காப்பகத்திலிருந்து வந்து 16 நாள் ஆன நாட்டு நாய். ஆண், சுமார் 2 வயது, 15 கிலோ. கருத்தடை ஆகிவிட்டது, காதில் அதற்கான வெட்டு இருக்கிறது, வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும் கையில் உள்ளது. பெயர் கருப்பன்.

பகல் முழுக்கக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. விளக்கை அணைத்த பிறகுதான் வெளியே வந்து தண்ணீர் குடிக்கும். சாப்பிடும்போது தட்டுக்கு 6 அடி தூரத்தில் யார் போனாலும் உடம்பு விறைத்து உறுமுகிறது. கீழே அழைத்துப் போனால் டூவீலரைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே பாய்கிறது. ஹெல்மெட் போட்டவர், கையில் துடைப்பமோ கம்போ வைத்திருப்பவர் என்றால் இன்னும் மோசம். லிஃப்டுக்குள் கால் வைப்பதில்லை. ஹாலில் இரண்டு இடத்தில் சிறுநீர் போகிறது. நேற்று கழுத்துப் பெல்ட்டைப் பின்பக்கமாக உருவிக்கொண்டது. கேட் மூடியிருந்ததால் தெருவுக்கு ஓடவில்லை.

இதுவரை யாரையும் கடிக்கவில்லை. வீட்டில் 7 வயதுப் பையனும் மாமியாரும் இருக்கிறார்கள். "உட்கார்", "வா" சொல்லிக்கொடுக்கப் பார்த்தால் பிஸ்கட்டைக்கூட வாங்க மறுக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

#2 கிண்டிமரம்

முதலில் பெல்ட். மற்றதெல்லாம் நாளைக்குப் பார்க்கலாம், இது இன்றைக்கே.

நாட்டு நாய்க்குத் தலை ஒடுக்கம், கழுத்து கிட்டத்தட்ட அதே சுற்றளவு. சாதாரண பக்கிள் பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் பயந்து பின்வாங்கும்போது காதைத் தாண்டி வந்துவிடும். இரண்டு சாமான் வாங்குங்கள். ஒன்று, மார்ட்டிங்கேல் காலர்: இரு முனை வளையங்களையும் ஒரு சிறு பட்டை வளையமாக இணைக்கும். இழுத்தால் தலை உருவாத அளவுக்கு மட்டும் சுருங்கும், அதற்கு மேல் நெரிக்காது. முழுக்க இழுத்த நிலையில் இரண்டு வளையங்களுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி மிஞ்ச வேண்டும். வளையங்கள் ஒன்றோடொன்று முட்டினால் காலர் பெரிது. வீட்டுக்குள் தனியாக இருக்கும்போது கழற்றிவிடுங்கள். எதிலாவது மாட்டிக்கொண்டால் இறுகும்.

இன்னொன்று ஹார்னஸ், அதாவது மார்பையும் முதுகையும் சுற்றி மாட்டும் பட்டை. முன்பக்கம் ஆங்கில ஒய் எழுத்து வடிவில் இருப்பது, தோள்மூட்டைக் குறுக்கே அழுத்தாது. கிடைத்தால் விலாவுக்குப் பின்னால் மூன்றாவது பட்டை உள்ளதாகப் பாருங்கள். இரண்டு பட்டை ஹார்னஸைக்கூட இவை வளைந்து நெளிந்து உருவிவிடும்.

இரண்டு முனையிலும் கொக்கி உள்ள 2 மீட்டர் கயிறு ஒன்று வாங்கி, ஒரு கொக்கியை ஹார்னஸிலும் மற்றதைக் காலரிலும் மாட்டுங்கள். ஒன்று போனாலும் ஒன்று பிடிக்கும். கயிற்றை விரலில் சுற்றாதீர்கள். நடுப்பகுதியை உள்ளங்கையில் மடித்துப் பிடியுங்கள். இழுத்தால் நீளும் ரீல் கயிறு வேண்டவே வேண்டாம். கைதவறி விழுந்தால் அந்தப் பிளாஸ்டிக் பெட்டி சடசடவென்று பின்னாலேயே துரத்தும், பயந்த நாய் நிற்காமல் ஓடும்.

போன் நம்பர் பொறித்த தகடு காலரில் இருக்கட்டும். தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப் போட்டிருந்தால், அதன் 15 இலக்க எண்ணைப் பதிவில் உங்கள் பெயருக்கு மாற்றினீர்களா என்று பாருங்கள். அந்த வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

தப்பித்துவிட்டால் துரத்தக்கூடாது. பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, கண்ணைப் பார்க்காமல், கறித்துண்டைத் தரையில் போட்டுக்கொண்டிருங்கள். பழகின விரிப்பை கேட் பக்கத்தில் விரித்து வையுங்கள்.

#3 வால்மொழி

"உட்கார்" இப்போது வேண்டாம். பிஸ்கட்டை மறுப்பது அடமில்லை. பயம் ஓர் அளவைத் தாண்டினால் நாய்க்குத் தின்ன முடியாது. உங்களுக்கு இது ஒரு நல்ல அளவுகோல்: நல்ல கறித்துண்டை மறுக்கிறதா, அந்த இடம், அந்த நேரம், அந்தத் தூரம் அதற்கு அதிகம்.

பின்னணி தெரிந்தால் பொறுமை வரும். ஸ்காட், ஃபுல்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஆண்டுக்கணக்கில் குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965இல் வெளியிட்ட முடிவு இன்றும் அடிப்படையாக இருக்கிறது. ஏறத்தாழ 3ஆம் வாரத்திலிருந்து 12, 14ஆம் வாரத்துக்குள் பார்த்துப் பழகியதெல்லாம் நாய்க்குச் சாதாரணம். அதற்குப் பிறகு முதன்முதலாக வருவது சந்தேகத்துக்குரியது. தெருவில் பிறந்த நாய்க்கு மனிதர், வண்டி, மற்ற நாய் எல்லாம் தெரியும். மூடிய அறை, வழவழப்பான டைல்ஸ், மிக்ஸி, சீலிங் ஃபேன், கதவு சாத்தும் ஓசை, லிஃப்ட் இவை எதுவும் தெரியாது. கம்பும் துடைப்பமும் என்னவென்று அதற்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம்.

முதல் மூன்று வாரம் பாடம் இல்லை. சந்தடி குறைந்த அறையில் ஒரு மூலை. கட்டிலடியை அடைக்க வேண்டுமென்றால், அதற்கு முன்பே மேசையைப் பெட்ஷீட்டால் மூன்று பக்கம் மூடி வேறொரு குகை செய்து, அதில் படுத்துப் பழகிய பிறகு அடையுங்கள். அந்த மூலையிலிருந்து தண்ணீர்ப் பாத்திரம் வரைக்கும் கால்மிதியோ பழைய பாயோ போடுங்கள். டைல்ஸ் வழுக்குவதாலேயே வெளியே வராமல் கிடக்கும் நாய்கள் உண்டு. கட்டிலடியிலிருந்து யாரும், எதற்காகவும், காலைப் பிடித்து இழுக்கக்கூடாது. நாய் கடிக்கும் இடம் அதுதான்.

தினமும் மூன்று வேளை, ஐந்தைந்து நிமிடம், 2 மீட்டர் தள்ளி அதற்குப் பக்கவாட்டில் தரையில் உட்காருங்கள். கறித்துண்டை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் போடாதீர்கள். நாயைத் தாண்டி அதன் பின்பக்கம் போடுங்கள். உங்களிடமிருந்து விலகிப் போய்த் தின்னும், பிறகு "இன்னும் உண்டா" என்று தானே ஓரடி முன்னே வரும். மறுபடி பின்னால் போடுங்கள். கையில் கறியைக் காட்டி அருகே இழுத்தால், தின்று முடித்ததும் "ஐயோ, இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டோமே" என்று திடுக்கிடும். பயந்த நாய் கைக்கு வந்து தின்றுவிட்டு உடனே கடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தத் திடுக்கிடல்தான்.

தொடுவது அதுவாக உங்கள்மேல் உரசிய பிறகு. மோவாய்க்குக் கீழே, மார்பில், 3 விநாடி தடவிவிட்டுக் கையை எடுங்கள். மறுபடி நெருங்கினால் இன்னொரு 3 விநாடி. தலையைத் திருப்பினால், உதட்டை நக்கினால், தூக்கமில்லாமல் கொட்டாவி விட்டால், வேண்டாம் என்று பொருள். தலை உச்சியில் கை வைப்பது கடைசிப் பாடம்.

#4 பழைய சங்கிலி

எல்லாம் சரிங்க. ஆனா 16 நாளா கட்டிலடியில சோறு போட்டு வளர்த்தா அது நம்மள மதிக்காது. நாய்க்கு வீட்ல யார் தலைவர்னு மொதல்ல தெரியணும். நாம சாப்பிட்டப்புறம்தான் அதுக்குச் சோறு. வாசல்ல நாம முன்னாடி போகணும். உறுமினா மல்லாத்திப் போட்டு அடங்குற வரைக்கும் அமுக்கிப் பிடிக்கணும். ஓநாய்க் கூட்டத்துல அப்படித்தான் நடக்குது.

#5 வால்மொழி

அண்ணா, இந்த ஓநாய்க் கதைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. விலங்கியலாளர் ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் எழுதியது, சுவிட்சர்லாந்தின் பாசல் நகர விலங்குக்காட்சிசாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து. ஓடிப்போக வழியில்லாத இடத்தில் அவை ஓயாமல் சண்டை போட்டன. காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த டேவிட் மெக், கூட்டம் என்பது தாய், தகப்பன், அவற்றின் பிள்ளைகள் சேர்ந்த குடும்பம், தலைமைக்கான போர் அங்கே வழக்கமில்லை என்று 1999இல் எழுதித் தெளிவாக்கினார்.

ஓநாயை விட்டுவிட்டுக் கருப்பனைப் பார்ப்போம். உறுமல் என்பது "இன்னும் கிட்ட வராதே" என்ற அறிவிப்பு. அமுக்கிப் பிடித்தால் அறிவிப்பு நின்றுவிடும், பயம் அப்படியே இருக்கும். அடுத்த முறை விறைப்பு, உறுமல் எல்லாவற்றையும் விட்டு நேராகப் பல்தான். அதோடு, மல்லாத்தும்போது உங்கள் முகம் அதன் வாய்க்கு நேராக இருக்கிறது. 7 வயதுப் பிள்ளை நீங்கள் செய்வதைப் பார்த்துத் தானும் செய்யும். அந்த வீட்டில் இது ஒரு நாள்கூட நடக்கக்கூடாது.

#6 பழைய சங்கிலி

புரியுது. அப்போ உறுமுனா அந்த நேரத்துல என்னதான் பண்றது? சும்மா விட்டா உறுமுனா ஜெயிக்கலாம்னு கத்துக்காதா?

#7 வால்மொழி

சரியான கேள்வி. அந்த நொடியில் நில்லுங்கள், கண்ணை விலக்குங்கள், மெதுவாகப் பின்வாங்குங்கள். திட்டவும் வேண்டாம், சமாதானப்படுத்தவும் வேண்டாம். பிறகு ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை அடி தூரம், யார், என்ன செய்துகொண்டிருந்தார், நாயிடம் என்ன இருந்தது. அடுத்த முறை அந்தத் தூரத்துக்கு அரை மீட்டர் முன்னாலேயே நின்றுவிட வேண்டும். உறுமல் வந்தால் அன்றைய ஏற்பாட்டில் நாம் எங்கோ பிசகினோம். உறுமத் தேவையில்லாத தூரத்தில் வேலை செய்தால், உறுமி ஜெயிக்கும் சந்தர்ப்பமே அதற்கு வராது.

#8 கால்நடைப்பக்கம்

நடத்தை வேலைக்கு முன் உடம்பைப் பார்த்துவிடுங்கள். காப்பகத்து நாய்க்குச் சென்னையில் நான் முதலில் சந்தேகப்படுவது உண்ணிக் காய்ச்சல். உண்ணி பரப்பும் எர்லிக்கியா, பபீசியா கிருமிகள் இரண்டும் இங்கே சர்வசாதாரணம். மந்தம், ஒளிந்துகொள்வது, தொட்டால் சீறுவது, சாப்பாட்டில் ஆர்வமின்மை எல்லாம் "பயந்த குணம்" போலவே தெரியும். முழு இரத்த அணுப் பரிசோதனை கேளுங்கள். இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணு குறைந்திருக்கிறதா, இரத்தசோகை இருக்கிறதா பார்ப்பார்கள்.

அடுத்தது வலி. காதை ஆட்டிக்கொண்டே இருந்தால் காதுப்புண். பின்னங்காலைத் தொட்டால் மட்டும் திரும்பிப் பார்த்தால், அல்லது படி ஏறத் தயங்கினால், பழைய வண்டி விபத்தில் ஆறிப்போன முறிவு இருக்கலாம். எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பல்லும் பாருங்கள். தினமும் வலிக்கும் இடத்தில் ஹார்னஸ் பட்டை உட்கார்ந்தால் எந்தப் பயிற்சியும் பலிக்காது.

வீட்டிலுள்ள வலி மாத்திரையை எடுத்துக் கொடுக்காதீர்கள். இப்யூபுரூஃபன் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். உண்ணிக்கு வாய்வழி மாத்திரைகள் நன்றாக வேலை செய்கின்றன, ஆனால் வலிப்பு வந்த வரலாறு இருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

#9 மாடிவீடு

நன்றி டாக்டர், சனிக்கிழமை இரத்தப் பரிசோதனைக்கு நேரம் வாங்கிவிட்டேன். மார்ட்டிங்கேல் ஆர்டர் போட்டாகிவிட்டது. பையனை நினைத்துத்தான் கவலை. சோற்றுத்தட்டு விஷயத்தை எப்படிச் சரிசெய்வது? பாதியில் தட்டை எடுத்து எடுத்துக் கொடுத்தால் பழகிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

#10 வால்மொழி

தட்டை எடுத்தால், "ஆள் வந்தால் சோறு போகும்" என்று அது நினைத்தது மெய்யாகிவிடும். நமக்கு வேண்டியது "ஆள் வந்தால் சோற்றைவிட நல்லது வரும்".

பையனிடமிருந்து ஆரம்பிக்கிறேன். அவன் இந்தப் பயிற்சியில் இல்லை. நாய் சாப்பிடும் நேரம் அறைக்கதவு சாத்தியிருக்க வேண்டும், அல்லது இடையில் குழந்தைத் தடுப்பு கேட் வேண்டும். தட்டு காலியான பிறகு நாய் வெளியே வரும், கதவைச் சாத்துவீர்கள், அப்புறம் பெரியவர் ஒருவர் தட்டை எடுப்பார். மாமியாருக்கும் இதே விதி. தரையில் விழுந்த முறுக்கு, பையன் கையில் உள்ள பிஸ்கட் இவையும் சோற்றுத்தட்டுதான். அவன் நொறுக்குத் தீனியை மேசையில் உட்கார்ந்து தின்னட்டும்.

பயிற்சி பெரியவர் ஒருவரோடு. சாதாரணச் சோறு தட்டில். உங்கள் கையில் அதைவிட உயர்ந்தது. கோழி நெஞ்சுக்கறியை உப்பு, வெங்காயம், பூண்டு எதுவுமில்லாமல் அவித்து 1 செ.மீ. துண்டாக நறுக்குங்கள். 100 கிராம் கறியில் ஏறக்குறைய 100 துண்டு கிடைக்கும். அது சுமார் 165 கலோரி. 15 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு 850 கலோரி அளவு போதும், ஆகவே அன்றைய சோற்றில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துவிடுங்கள். இதை மறந்தால் எடை கூடிக்கொண்டே போகும்.

6 அடியில் உறுமுகிறது என்றீர்கள். அப்படியென்றால் 10 அடியில் தொடங்குங்கள். தட்டை நோக்கி நடக்காமல், தட்டுக்கு இணையாக, ஓரமாக நடந்து போங்கள். 10 அடியைத் தொடும்போது ஒரு துண்டைத் தட்டருகே எறிந்துவிட்டு நிற்காமல் போய்விடுங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டில் 5 முறை. உங்கள் காலடி கேட்டதும் தலையைத் தூக்கி, உடம்பு தளர்ந்து, வாலடி அசைய உங்களை எதிர்பார்த்தால் அந்தத் தூரம் முடிந்தது. தொடர்ந்து 3 நாள் அப்படி இருந்தால் ஓரடி குறையுங்கள்.

உறுமல் மட்டும்தான் அறிகுறி என்று காத்திருக்காதீர்கள். அதற்கு முன்பே வேறு வரும்: திடீரென்று வேகவேகமாக விழுங்கும், தலையைத் தட்டின்மேல் தாழ்த்தும், மெல்லுவதை நிறுத்தி அசையாமல் நிற்கும், தலை திரும்பாமல் கண் மட்டும் பக்கவாட்டில் வந்து வெள்ளை தெரியும். இதில் எது வந்தாலும் அடுத்த வேளை 2 அடி பின்னால் போங்கள்.

பெரும்பாலும் எங்கே கெடுகிறது தெரியுமா? 4 அடிக்கு வந்ததும் ஆசை வந்து தட்டைத் தொட்டுப் பார்ப்பார்கள். இரண்டு வார வேலை அதில் போய்விடும். தட்டருகே குனிவது தனிப் பாடம்: காலி இரண்டாம் தட்டில் துண்டு போட குனிவதில் தொடங்கி, அதற்கும் தனியாக நாள் ஒதுக்க வேண்டும்.

செருப்பையோ எலும்பையோ தூக்கிக்கொண்டால் வாயிலிருந்து பிடுங்காதீர்கள். 5, 6 துண்டுகளை வரிசையாகக் கதவுப் பக்கம் எறியுங்கள், அது அங்கே போனதும் பொருளை எடுத்துவிடுங்கள். வேகவைத்த எலும்பு எப்படியும் கூடாது, சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

#11 கிண்டிமரம்

வண்டி விஷயம் என் பங்கு.

முதல் இரண்டு வாரம் காலை 5 மணிக்கு, இரவு 10 மணிக்கு மேல், தெரு காலியாக இருக்கும்போது மட்டும் போங்கள். சென்னை வெயிலில் பகலில் தார் ரோடு வேண்டாம். புறங்கையை 7 விநாடி தரையில் வைக்க முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் முடியாது.

பயிற்சிக்கு ஒரு பார்க்கிங் ஓரமோ மைதான ஓரமோ பாருங்கள், ரோடு தூரத்தில் தெரிய வேண்டும். கருப்பன் வண்டியைப் பார்க்கிறது, காது நிமிர்கிறது, ஆனால் கறியும் தின்கிறது. அந்தத் தூரம்தான் தொடக்கம், அது 30 மீட்டராக இருந்தாலும் சரி.

வரிசை மாறக்கூடாது. வண்டி கண்ணில் படுகிறது, அதற்குப் பிறகு உங்கள் கை பைக்குள் போகிறது, வண்டி போகும்வரை ஒவ்வொரு துண்டாக வாயில் விழுந்துகொண்டே இருக்கிறது, வண்டி மறைந்ததும் கறியும் நிற்கிறது. நிறையப் பேர் தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டதுமே பதறிக் கையைப் பைக்குள் விட்டுவிடுகிறார்கள். அப்போது நாய் கற்றுக்கொள்வது நேர்தலைகீழ்: கறிப்பை திறந்தால் வண்டி வரப்போகிறது என்று கறியைக் கண்டே மிரளும். ஒரு வேளைக்கு 10 நிமிடம், 8 அல்லது 10 வண்டி. போதும்.

ஒரு வாரத்தில் வண்டியைப் பார்த்ததும் தானாக உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். அது வந்தால் மூன்று மீட்டர் நெருங்கலாம். வேகமும் தூரமும் ஒரே நாளில் மாறக்கூடாது. நிறுத்தி வைத்த ஸ்கூட்டர், ஸ்டார்ட் பண்ணி நிற்கும் ஸ்கூட்டர், உருட்டிக்கொண்டு போவது, மெதுவாக ஓட்டுவது, இந்த வரிசையில் வீட்டு ஆள் ஒருவரே செய்து காட்டலாம். ஹெல்மெட்டும் அப்படித்தான்: முதலில் தரையில் ஹெல்மெட், அப்புறம் கையில், அப்புறம் பழகின ஆள் அதன் கண்ணெதிரே தலையில் மாட்டுவது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்து ஆரம்பியுங்கள்.

சந்தில் திடீரென்று வண்டி வந்துவிட்டால் பயிற்சி இல்லை, தப்பித்தல்தான். "வா வா" என்று உற்சாகமாகச் சொல்லித் திரும்பி எதிர்ப்பக்கம் நடப்பதை வீட்டு ஹாலில் தினம் 20 முறை பழக்குங்கள். நின்ற காரைக் குறுக்கே மறைப்பாக வைத்துக்கொள்ளலாம். கயிற்றை இறுக்கி நெஞ்சோடு பிடித்தால் பாய்ச்சல் கூடும், குறையாது.

அப்படிப் பாய்ந்த நாளில் அடுத்த நடையை ரத்து செய்யுங்கள். காலையில் வண்டி, மதியம் குக்கர் விசில், சாயங்காலம் விருந்தாளி என்று ஒன்றன்மேல் ஒன்று ஏறினால், நேற்று தாங்கியதை இன்று தாங்காது.

தெரு நாய்கள்: ஒவ்வொரு தெருவும் ஒரு கூட்டத்தின் எல்லை. கையில் மடக்குக் குடை வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் வந்தால் குடையை உங்களுக்கும் அவற்றுக்கும் நடுவே விரித்தால் சுவர்போல நிற்கும், ஒரு பிடி பிஸ்கட்டை அவற்றின் பின்பக்கம் எறிந்துவிட்டு நகரலாம். குடை விரிவதற்குக் கருப்பனை வீட்டிலேயே பழக்கிவிடுங்கள், இல்லையென்றால் அதுவும் ஓடும்.

#12 பழைய சங்கிலி

ஒரு சேர்க்கை. கடைல தர்ற கயித்துக் கொக்கி பாதி, மெல்லிசு வார்ப்பு. குலுக்கி இழுத்தா நாக்கு திறந்துக்கும். ஹார்டுவேர் கடைல திருகுப் பூட்டு வெச்ச காரபைனர் கேட்டு வாங்கி மாட்டுங்க. எவ்வளவு எடை தாங்கும்னு அதுமேலயே பொறிச்சிருக்கும். இரும்புச் சங்கிலி இந்த மாதிரி நாய்க்கு வேண்டாம், சத்தத்துக்கே பயப்படும், வெயில்ல கையும் சுடும். பருத்தியோ பட்டை நைலானோ, முக்கால் இஞ்ச் அகலம் போதும். தையல் பிரிஞ்சிருக்கான்னு வாரம் ஒரு தடவை பாருங்க.

#13 திண்ணைக்காரி

சிறுநீர் பற்றி யாரும் சொல்லவில்லை. ஹாலில் ஆள் குனிந்தபோது சொட்டுச் சொட்டாகப் போனால் அது பயம், அதட்டினால் கூடும். யாரும் இல்லாதபோது குளமாகப் போனால் இடம் தெரியாததுதான். தெருவில் வளர்ந்தது மண்ணில் போய்ப் பழகியது, டைல்ஸில் எங்கே போவதென்று எப்படித் தெரியும்?

பால்கனியில் இரண்டடிக்கு மூன்றடி பிளாஸ்டிக் ட்ரே, மூன்று அங்குலம் ஆற்று மணல் அல்லது செம்மண். முதல் நாள் அதன் சிறுநீரைத் துடைத்த துணியை அதில் புதையுங்கள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு 15, 20 நிமிடத்தில், விளையாடியதும், அங்கே அழைத்துப் போய் பேசாமல் நில்லுங்கள். போய் முடித்த அந்த நொடியில் ஒரு துண்டு. உள்ளே வந்து கொடுத்தால் உள்ளே வந்ததற்குத்தான் கூலி என்று நினைக்கும்.

ஹாலை ஃபினாயிலால் துடைப்பதை நிறுத்துங்கள். நமக்கு வாடை மறைகிறது, அதன் மூக்குக்கு அடியில் சிறுநீர் அப்படியே இருக்கிறது. பாதத்தில் ஒட்டி நக்கினால் நஞ்சும்கூட. என்சைம் உள்ள துப்புரவுத் திரவம் பெட் ஷாப்பில் கிடைக்கும். ஊற்றி 10 நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள்.

லிஃப்டை விட்டுவிடுங்கள். மூன்று மாடிதானே, காலில் வலி இல்லையென்று டாக்டர் சொன்னால் படியிலேயே போகட்டும்.

#14 கால்நடைப்பக்கம்

கடி பற்றியும் இப்போதே பேசிவிடலாம். யாருக்காவது பல் பட்டு இரத்தம் வந்தால், தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோய்த் தடுப்பூசி, தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாட்கள். இரத்தம் வந்த காயத்துக்கு இம்யூனோகுளோபுலின் (உடனடி எதிர்ப்புப் புரதம்) தேவையா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். நாயை 10 நாள் கண்காணிப்பது ஊசிக்குப் பதில் ஆகாது, இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

கடியின் கனத்தை அளக்க நாய் நடத்தை வல்லுநர் இயன் டன்பார் வகுத்த ஆறு படிகள் உதவும். தோலைத் தொடாமல் காற்றில் கடிப்பது 1, பல் பட்டும் துளை விழாதது 2, ஒரே கடியில் பல்லின் பாதி நீளத்துக்குள் ஒன்று முதல் நான்கு துளை 3, அதைவிட ஆழம் 4, பல கடி 5, உயிர்ச்சேதம் 6. இரண்டாம் படி வரை வீட்டில் வேலை செய்ய இடமுண்டு. மூன்றிலேயே நேரில் வந்து பார்க்கும் நடத்தை நிபுணர் வேண்டும். நான்கு என்றால், குழந்தை உள்ள வீட்டில் அந்த நாய் இருக்கலாமா என்பதை மருத்துவரோடும் காப்பகத்தோடும் உட்கார்ந்து பேச வேண்டும்.

வாய்க்கூட்டை இப்போதே பழக்குங்கள், ஊசி போடும் நாளுக்கு உதவும். கூடை வடிவம்தான், அதற்குள் வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிய வேண்டும். வாயை இறுக்கிக் கட்டும் நைலான் பட்டை சென்னை வெயிலில் ஆபத்து. நாய் உடல் சூட்டைத் தணிப்பது மூச்சிரைத்துத்தான். கூட்டின் உட்புறம் கொஞ்சம் தயிர் தடவி, மூக்கை அதுவாக நுழைக்க விடுங்கள். 5 நாள் வரை பட்டையைப் பூட்டாதீர்கள். பிறகு 2 விநாடி, 5 விநாடி, 30 விநாடி.

#15 மாடிவீடு

மூன்று வாரக் குறிப்பு: பிளேட்லெட் குறைவு, எர்லிக்கியா உறுதி, டாக்ஸிசைக்ளின் ஆன்டிபயாடிக் 28 நாள். தட்டுத் தூரம் 10 அடியிலிருந்து 7. வண்டி 30 மீட்டரிலிருந்து 22. இரண்டு நாள் பாய்ந்தது, இரண்டும் சந்தில். மணல் ட்ரே 9 நாளாகச் சரியாக இருக்கிறது. பகலில் ஹாலுக்கு வந்து படுக்கிறது.

இரண்டு கேள்வி. மாமியார் ஊருக்குப் போனால் பகலில் 4 மணி நேரம் தனியாக இருக்க வேண்டும். அப்புறம் தீபாவளி.

#16 வால்மொழி

நல்ல குறிப்பு. மருந்து வேலை செய்யும்போது தூரம் தானாகவே கொஞ்சம் குறையும். அதைப் பார்த்து அவசரப்பட வேண்டாம்.

தனிமைக்குப் பழைய போனைக் கேமராவாக வையுங்கள். சாவி எடுத்து, செருப்பு மாட்டி, மறுபடி உட்காருங்கள். அந்தச் சத்தத்துக்கு எழுந்திருக்காத வரை கதவைத் தொடாதீர்கள். பிறகு வெளியே 5 விநாடி, 10, 3, 20, 8 என்று ஏற்றியும் இறக்கியும். ஏறிக்கொண்டே போனால் ஒவ்வொரு முறையும் கஷ்டம் கூடுவது அதற்குத் தெரிந்துவிடும். மூச்சிரைப்பு, எச்சில் வடிதல், கதவைப் பிறாண்டுதல், அலைந்து திரிதல் தெரிந்தால் பாதி நேரத்துக்குத் திரும்புங்கள். முதல் 40 நிமிடம் தாண்டுவதுதான் நாள் பிடிக்கும், அதற்குப் பிறகு 15 நிமிடம் 15 நிமிடமாகக் கூட்டலாம். இந்த வாரங்களில் உண்மையாகவே வெளியே போக வேண்டியிருந்தால் யாராவது உடன் இருக்க ஏற்பாடு செய்யுங்கள். ஒரு நாள் 4 மணி நேரம் அலறவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

#17 கால்நடைப்பக்கம்

தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். வெடிச்சத்தப் பதிவைக் காது மட்டும் லேசாகத் திரும்பும் அளவுக்கு மெல்ல வைத்து, ஒவ்வொரு வெடிக்கும் பிறகு ஒரு துண்டு. நாளுக்கு 5 நிமிடம். உடம்பு தளர்ந்திருந்தால் மட்டும் வாரத்துக்கு ஓரிரு படி ஒலி கூட்டுங்கள்.

மூன்று வாரம் முன் மருத்துவரிடம் பயத்துக்கான மருந்து பற்றிக் கேளுங்கள். அசிப்ரோமசின் என்ற அமைதிப்படுத்தும் மருந்தை மட்டும் கொடுத்தால் உடல் அசையாமல் கிடக்கும், பயம் உள்ளே அப்படியே இருக்கும். அதை மட்டும் எழுதினால் வேறு வழி இருக்கிறதா என்று கேட்கலாம். எந்த மருந்தானாலும் பண்டிகைக்கு முன்பு சாதாரண நாளில் ஒரு முறை கொடுத்துப் பாருங்கள். சிலதுக்குத் தூக்கம் வராமல் பரபரப்பு கூடும்.

தமிழ்நாட்டில் அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்றாலும் வெடி ஒரு வாரம் முன்பே தொடங்கி நள்ளிரவு வரை போகும். அதிகாலை 4 மணிக்கு நடை, அதுவும் இரண்டு கொக்கியோடு. வெளிச்சுவர் இல்லாத உள்ளறை, ஜன்னலுக்குக் கனத்த போர்வை, ஃபேன் முழு வேகம். உங்கள் மடியில் வந்து ஒட்டிக்கொண்டால் தடவிக்கொடுங்கள்; அதனால் பயம் வளராது.

#18 கிண்டிமரம்

தீபாவளியன்று வாசலில் ஆள் வரும்போது கதவிடுக்கில் நழுவித் தொலையும் நாய்கள்தான் அதிகம். வாசலுக்கு உள்பக்கம் குழந்தைத் தடுப்பு கேட் ஒன்று நிரந்தரமாக இருக்கட்டும், ஒன்று மூடிய பிறகே மற்றது திறக்கும். அன்று முழுக்க காலரும் தகடும் கழுத்திலேயே இருக்கட்டும், ஆனால் மார்ட்டிங்கேல் வேண்டாம், தட்டையான பக்கிள் பெல்ட். அழைப்புமணி ஸ்விட்சை முந்தின இரவே அணைத்துவிட்டு, கதவில் கண்மட்டத்தில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: "உள்ளே பயந்த நாய். மணி அடிக்காமல் இந்த எண்ணுக்குப் போன் செய்யவும். கேட்டை நாங்களே திறப்போம்."

#19 மாடிவீடு

சீட்டு எழுதியாச்சு, கேட்டுக்கு நிலையை அளந்தேன், 91 செ.மீ. இருக்கிறது. திருகாமல் அழுத்தி நிற்கும் வகையே போதுமா?

#20 பழைய சங்கிலி

15 கிலோ நாய் பயத்துல முட்டுனா அழுத்தி நிக்கிற வகை சரிஞ்சிடும்மா. நிலைச்சட்டத்துல திருகுற வகையா வாங்குங்க. உயரம் மூணடிக்குக் குறையக்கூடாது, கம்பி நேர்க்கம்பியா இருக்கணும். குறுக்குக்கம்பி இருந்தா அதுல கால் வெச்சு ஏறிடும்.